விக்கலுக்குச் சர்க்கரை

ஜூலை 2, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் லேபுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக இதில் அண்ணி சொன்ன மாங்காய்த் தொக்குப் பக்குவமும் கேஸ் புக் செய்த தேதிகளும்தான் இருந்தன. இன்றைக்குத்தான் எழுதும்படி ஒரு கூத்து நடந்தது.

காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சீட்டில் எழுதப் பெயர் கேட்டேன், பொன்னுரங்கம் என்றார். இடது கையில் அருமையான நரம்பு. இருபது வருடமாக ஊசி குத்துகிறேன். ஆட்களின் முகம் மறந்துபோகும், நரம்பு மறக்காது. "கையை இறுக்கி மூடுங்க" என்றேன். அவர் கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஊசி உள்ளே போவதற்குள் ஆள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

தண்ணீர் தெளித்து எழுப்பினேன். "இவ்ளோ பெரிய மீசைய வெச்சிக்கினு ஊசிக்குப் பயப்படலாமா?" என்று கேட்டுவிட்டேன். வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசக் கூடாதுதான். "மீசை எங்க தாத்தாவோடது மேடம். அவருதான் பட்டாளம். நான் ஸ்கூல்ல சமையல் பண்றவன்" என்றார். ஒருவழியாக ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொன்னேன். மடக்கிய கையோடு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடம் போதும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சர்க்கரை 168.

ஜூலை 5, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார், ஏதோ கரண்ட் கட் ஆகப்போகிறது என்று சொல்வதுபோல. இது பதினெட்டாவது. பதினேழு பேர் பஜ்ஜி தின்றுவிட்டு, அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று தெரிந்ததும் கை கழுவிக்கொண்டு போனார்கள். அப்பா போய் மூன்று வருடமாகிறது. எனக்கு நாற்பத்திரண்டு. இந்த வீட்டில் பெண் பார்க்கும் படலம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

மாப்பிள்ளை பெயர் ஞானமூர்த்தி. பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிசுக்குப் பக்கத்தில் வேலை. இரண்டு மாத வக்கான்ஸுக்கு வந்திருக்கிறார். புதுச்சேரியில் பாதி வீடுகளில் லீவுக்கு அதுதான் பெயர்.

ஜூலை 8, ஞாயிறு

தலையைக் குனிந்தபடி தட்டோடு வந்தேன். முதலில் கண்ணில் பட்டது சட்டைக் கை மடிப்புக்குக் கீழே அந்த நரம்பு. நிமிர்ந்து பார்த்தால் மீசை.

அண்ணி அவர் தட்டில் கேசரியை அள்ளி வைத்தார். நெய் மிதந்தது. என் கை என்னைக் கேட்கவில்லை. தட்டை இழுத்துக்கொண்டேன். "இவருக்கு வேணாம் அண்ணி, நூத்தி அறுபத்தெட்டு" என்றேன்.

அண்ணனின் முகத்தில் ரத்தம் இல்லை. மாப்பிள்ளையோடு வந்திருந்த பெரியப்பா, "என்னாது நூத்தி அறுபத்தெட்டு?" என்றார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரெஞ்சு கான்சுலேட் காகிதத்தில் தாத்தா பெயர்தான் குடும்பப் பெயராம். அங்கே எல்லோரும் அவரை முசியே பொன்னுரங்கம் என்றுதான் கூப்பிடுவார்களாம். எங்கே கேட்டாலும் அதையே சொல்லிப் பழகிவிட்டது என்றார்.

நோயாளியின் ரகசியத்தைச் சபையில் போட்டு உடைத்தேன். லேப் முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்! வேறு எதுவும் நடக்கவில்லை. பஜ்ஜி மீந்தது.

ஜூலை 10, செவ்வாய்

சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணன், "உனக்கு இஷ்டந்தானே மங்கை?" என்று கேட்டான். "எனக்குன்னு தனியா என்ன இஷ்டம், உங்க விருப்பம்" என்றேன். அப்போது பார்த்து விக்கல் பிடித்துக்கொண்டது. மதியம் தின்ற மிளகாய்த் துவையல்.

கல்யாணத்துக்கு முன்னால் கான்சுலேட்டிலிருந்து ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமாம். அதற்கு இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். உண்மையான கல்யாணமா, காகிதத்துக்கான கல்யாணமா என்று பார்ப்பார்களாம். அவர் ஆகஸ்ட் 25 ஊருக்குப் போகிறார். அதற்குள் காகிதம் வராவிட்டால், பாரிசில் இருக்கும் அவர் அக்கா வேறொரு பெண்ணைக் கையில் வைத்திருக்கிறாராம். அங்கேயே பிறந்து வளர்ந்தவள், காகிதத் தொல்லை இல்லாதவள். இதையும் அவரே அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். "அக்கா சொல்லிக்கினே கீறாங்க, நான்தான் ஒத்துக்கல. காகிதம் நின்னுபோச்சுன்னா அப்புறம் என்னால அவங்கள சமாளிக்க முடியாது" என்றாராம். மறைக்கத் தெரியாத மனிதர்.

கிடைத்தால் கிடைக்கட்டும், போனால் போகட்டும். எனக்கு லேப் இருக்கிறது.

ஜூலை 12, வியாழன்

அண்ணியின் சித்தி மகளும் அவளைக் கட்டிக்கொண்டவரும் இதே கான்சுலேட் விசாரணையில் ஆளுக்கொன்று உளறியதில் காகிதம் ஒரு வருடம் தள்ளிப்போனதாம். அதனால் அண்ணி ஒரு திட்டம் போட்டிருக்கிறார்.

"பெண் பாக்க வந்தாரு, பஜ்ஜி துன்னாரு, பத்து நாள்ல கல்யாணம்னா வெள்ளைக்காரனுக்கு என்னா புரியும்? அவனுங்களுக்கு லவ்வுதான் புரியும். லவ்வுன்னே சொல்லிடுவோம்."

கதையும் அண்ணியே செய்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வக்கான்ஸில், மணக்குள விநாயகர் கோயில் வாசலில், யானையிடம் ஆசீர்வாதம் வாங்க நான் நிற்கிறேன். அவர் பின்னால் நிற்கிறார். யானை என் தலையில் வைக்க வேண்டிய தும்பிக்கையை அவர் தலையில் வைக்கிறது. சிரிக்கிறோம். நம்பர் வாங்கிக்கொள்கிறோம். அன்றிலிருந்து தினமும் போன்.

மாலையில் அவர் வந்தார். கூடத்தில் எதிரெதிராக உட்கார வைத்து அண்ணி அதிகாரிபோலக் கேள்வி கேட்டார். அவர் தடுமாறினார். நான் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடத்தில் முதல். கடகடவென்று சொன்னேன். தும்பிக்கை வரும் இடத்தில் விக்கல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை.

"யாரோ நினைக்கிறாங்க" என்றார் அண்ணி. நினைக்க யார் இருக்கிறார்கள்? இருக்கிற நாலு பேரும் கூடத்தில்தான் இருந்தோம்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். பாரிசில் காபிக் கடைகளில் தருகிற சர்க்கரை. மாத்திரை போடுகிறவர், திடீரென்று சர்க்கரை இறங்கினால் வேண்டும் என்று எப்போதும் வைத்திருப்பாராம். நாக்குக்கு அடியில் போட்டேன். நின்றது.

ஜூலை 14, சனி

பிரெஞ்சுத் தேசிய நாள். கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்குப் பழைய சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மூர்க் கிழவர்கள். அவர் தாத்தாவும் ஒரு காலத்தில் இப்படி நின்றவராம். அண்ணனும் அண்ணியும் முன்னால் நடந்தார்கள், நாங்கள் பின்னால்.

கான்சுலேட் கட்டடத்தைக் காட்டினார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அதை நின்று பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். உயரமான சுவர், பலகை அடுக்கிய நீள நீள ஜன்னல்கள், மேலே கொடி. சாலையைக் கடந்தால் கறுப்புப் பாறைகள், கடல். "சின்ன வயசுல தாத்தா கையப் புடிச்சிக்கினு இங்க வருவேன். பென்ஷனுக்காக வருசா வருசம் தான் உயிரோடதான் கீறேன்னு காட்டிட்டுப் போவாரு" என்றார்.

"உள்ள போக பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன பயம்" என்றேன். ஒரே விக்கல். காற்றில் உப்பு அதிகம்.

ஜூலை 19, வியாழன்

மனு கொடுக்கப் போனோம். வாசலில் பையைச் சோதித்தார்கள். உள்ளே மரம், நிழல், பெரிய கதவுகள், இத்தனை உயரத்தில் ஒட்டடை எப்படி அடிப்பார்களோ என்று நினைக்க வைக்கும் கூரை. என் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், படங்கள், மொழிபெயர்ப்பு. எல்லாவற்றையும் அவர் உறை போட்டு வரிசையாக அடுக்கியிருந்தார். பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற கை.

ஆகஸ்ட் 9 வரச் சொன்னார்கள்.

ஜூலை 23, திங்கள்

கான்சுலேட் அறிவிப்புப் பலகையில் எங்கள் பெயர் ஒட்டியிருக்கிறார்களாம். பத்து நாள் இருக்கும். ஆட்சேபம் இருந்தால் யாரும் சொல்லலாம். லேப் முடிந்து அந்தப் பக்கம் காற்று வாங்கப் போனேன், அப்படியே பார்த்தேன். பொன்னுரங்கம் ஞானமூர்த்தி. கீழே என் பெயர், பிரெஞ்சு எழுத்தில், மங்கையர்க்கரசி முழுசாக. ரேஷன் கார்டில்கூட இதைப் பாதியில் வெட்டித்தான் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 24, செவ்வாய்

காற்று வாங்கப் போனேன்.

ஜூலை 25, புதன்

போனேன். ஏன் லேட் என்று அண்ணி கேட்டதற்கு, கீரை வாங்கினேன் என்றேன். கையில் கீரை இல்லை. விக்கல் வேறு.

ஜூலை 28, சனி

அவர் லேபுக்கு வந்தார். சோதனைக்கு இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "நேத்து பெரியப்பா வீட்ல ரெண்டு ஜாங்கிரி துன்னுட்டேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். நான் கேட்கவே இல்லை. இதற்காக லாஸ்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். நன்றாகத் திட்டி அனுப்பினேன்.

மீசையைக் கொஞ்சம் கத்தரித்திருந்தார். முன்பு இருந்ததே பரவாயில்லை.

ஆகஸ்ட் 4, சனி

அவரோடு ஒத்திகை ஏழாவது முறை. எனக்கு யானைக் கதை தலைகீழ்ப் பாடம். தும்பிக்கையில் வழக்கம்போல விக்கல். அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னாடி இது, யானைக்கும் உனக்கும் ஆவாதா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 8, புதன்

புடவை எடுத்து வைத்தாயிற்று. மஞ்சளில் பச்சைக் கரை. நாளைக்கு ஒரு வார்த்தை பிசகினால் அவ்வளவுதான். அவர் விமானம் ஏறுவார், அவர் அக்கா அந்தப் பாரிஸ் பெண்ணைக் காட்டுவார். அவரும் எத்தனை நாள்தான் முடியாது முடியாது என்பார்?

போனால் போகட்டும் என்று எழுதியிருந்தேன். இல்லை. போகக் கூடாது. பிள்ளையாரே, போகக் கூடாது.

ஆகஸ்ட் 9, வியாழன்

தூங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

ஒன்பதரைக்கே போய்விட்டோம். அண்ணியை உள்ளே விடவில்லை. எதிரில் கடல் சுவரில் உட்கார்ந்துகொண்டார். மேல்மாடிக் கூடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் சட்டைப் பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "வந்துச்சுன்னா போட்டுக்குங்க" என்றார்.

நாற்பது நிமிடம். ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. ஒரு படகு அந்த ஜன்னலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும்வரை அவர் வரவில்லை. வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேசக் கூடாது என்று காவலர் சொல்லிவிட்டார். என்னைக் கடந்து போகும்போது இடது கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார், பஞ்சு வைத்த கையை மடக்குவதுபோல.

என்னைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பிரெஞ்சு அம்மாள். பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு பெண், கைத்தறிப் புடவை, நம்மூர் முகம். பெயர், வயது, வேலை எல்லாம் கேட்டார்கள். பிறகு, "அவரை முதன்முதலா எப்ப, எங்க பார்த்தீங்கன்னு கேக்கறாங்க" என்றார் அந்தப் பெண்.

வாயைத் திறந்தேன். யானை தொண்டைவரை வந்துவிட்டது. ஏழு ஒத்திகை. ஒரு எழுத்துப் பிசகாது. அப்போதுதான் தோன்றியது, அவர் என்ன சொல்லியிருப்பார்? இரண்டு ஜாங்கிரியைத் தின்றுவிட்டு ஒரு ராத்திரிக்கு மேல் மனதில் வைத்திருக்க முடியாமல் பஸ் ஏறி வந்த மனுஷன். அவரா இந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லாத தும்பிக்கையைத் தலையில் வாங்கியிருப்பார்? அந்த மடக்கிய கை வேறு கண்ணிலேயே நின்றது.

"ஜூலை ரெண்டாந்தேதி" என்றேன். "எங்க லேப்ல. ரத்தம் எடுக்கறதுக்குள்ள மயக்கம் போட்டுட்டாரு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மொழிபெயர்த்தார். நான் நிறுத்தவில்லை. ஆறு நாள் கழித்துப் பெண் பார்க்க வந்த பதினெட்டாவது ஆள் அவர்தான் என்பதையும், கேசரியையும், நூற்று அறுபத்தெட்டையும் எல்லாம் சொன்னேன். எங்கள் ஊரில் இப்படித்தான், முதலில் கல்யாணம் பேசுவார்கள், பிறகுதான் ஆளைத் தெரிந்துகொள்வோம் என்றேன். அவருக்கு எதற்குப் பயம் என்று கேட்டார்கள். ஊசிக்கு என்றேன். உங்களுக்கு என்றார்கள். பொய் சொல்ல என்றேன்.

கடைசியாக அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்டார். பதினெட்டுப் பேரில் இவரை ஏன் பிடித்தது?

இதை அண்ணி ஒத்திகையில் கேட்டதில்லை. இந்த டைரியிலும் நான் எழுதவில்லை. அன்றைக்குக் கேசரியைப் பிடுங்கிக்கொண்டு வெட்கத்தில் சமையல்கட்டுக்கு ஓடினேன். எல்லோரும் கிளம்பும்போது அவர் தன் பஜ்ஜித் தட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். அதில் இரண்டு பஜ்ஜியை மிச்சம் வைத்திருந்தார். "காலைலேருந்து நின்னுக்கினே இருந்திருப்பீங்க. நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

"பதினேழு பேரு வந்தாங்க. ஒருத்தரும் அத கேக்கல" என்றேன். அழக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

அந்தப் பெண் அதை மெதுவாக மொழிபெயர்த்தார். அம்மாள் எதையோ எழுதிக்கொண்டு, முடிவு பிறகு தெரியும் என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்த பிறகுதான் பயம் வந்தது. அவர் யானையைச் சொல்லியிருந்தால்? படிக்கட்டுக்குக் கீழே மர நிழலில் நின்றிருந்தார். கையில் இருந்த பொட்டலத்தை நீட்டினேன். பிரிக்காத பொட்டலம், வியர்வையில் நனைந்திருந்தது.

பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"விக்கல் வரலியா?"

"வரல."

"அப்ப நீங்களும் யானைய வுட்டுட்டீங்க" என்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கைய மடக்கிக் காட்டினீங்களே, அதான்…" என்றேன்.

"நான் எங்க காட்டினேன்? பயத்துல கை உதறுச்சு, மடக்கிக்கினேன்" என்றார்.

"அப்புறம் எந்த தைரியத்துல நிஜத்தைச் சொன்னீங்க? நான் யானைக் கதையைச் சொல்லியிருந்தா?"

"யானைக் கதைதான் சொல்லப் போறீங்கன்னு நெனச்சேன். ஆரம்பிச்சா விக்கல் வரும். அந்தம்மா தண்ணி குடுப்பாங்க, நீங்க முழிப்பீங்க. உங்கள அங்க உக்கார வெச்சு விக்க வுட எனக்கு மனசு வரல. நான் முன்னாடியே நெசத்த சொல்லிட்டா, நீங்க விக்கினாலும் என்னான்னு அவங்களுக்குப் புரிஞ்சிடும்ல?"

இவருக்கு எப்போதிலிருந்து தெரியும்? எனக்கே தெரியாதே! தெரியாது என்றா எழுதுகிறேன்? சரி, தெரியும். சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் விக்கல்தான். அப்பாவுக்கும் தெரியும்.

வெளியே அண்ணி ஓடி வந்தார். "யானையக் கேட்டாங்களா?"

"யானை லீவு அண்ணி" என்றார் அவர்.

ஆகஸ்ட் 13, திங்கள்

கடிதம் இல்லை. லேபில் இரண்டு பேருக்குச் சீட்டு மாற்றி எழுதிவிட்டேன். நல்லவேளை, உடனே கண்டுபிடித்தேன்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

ஆவணி பிறந்துவிட்டது. எல்லா வீட்டிலும் மேளம். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. பாரிஸ் அக்கா போன் செய்தாராம். அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொல்லிவிட்டார். "வேணாம்னேன். ஊசி குத்துறவங்கள விட்டா எனக்கு வேற யாரும் சரிப்படாதுன்னு சொன்னேன்."

ஆகஸ்ட் 22, புதன்

கிடைத்துவிட்டது.

கான்சுலேட்டிலிருந்து போன் வந்ததும் என்னையும் லேபிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைக் கோட்டோடு போய்விட்டேன். ஒரே ஒரு தாள். இரண்டு முத்திரை. அவர் அதைக் கையில் வாங்காமல் என்னையே வாங்கச் சொன்னார். அந்த மொழிபெயர்ப்புப் பெண் வராந்தாவில் எதிரே வந்தார். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சிரித்தபடி போனார்.

கடல் சுவரில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். ஐப்பசியில் அவர் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாரம் விடுமுறையாம். அப்போது முகூர்த்தம். அண்ணி மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று. கேசரி கிடையாது என்று நான் சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 25, சனி

கிளம்பிவிட்டார். காரில் ஏறும்போது, "போய்ட்டு வரேன் மங்கை" என்றார். முதல் முறை பெயர் சொன்னார். நான் மாத்திரை நேரத்தை நினைவுபடுத்தினேன். வேறு என்ன சொல்வது?

ஆகஸ்ட் 26, ஞாயிறு

துணி துவைத்தேன். மஞ்சள் புடவைக்குக் கஞ்சி போட்டேன். சாயந்திரம் அவர் போன். இறங்கிவிட்டாராம், அங்கே குளிராம், சோறு வடித்தாராம். ஜாங்கிரி இல்லை என்றார்.

"நான் இல்லாம மனசு தேடுதா?" என்றார்.

அண்ணனும் அண்ணியும் பக்கத்திலேயே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை. விக்கல். அடுத்தடுத்து நாலு. அந்தப் பக்கம் அவர் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. "யாரோ நினைக்கிறாங்க மங்கை" என்றார் அண்ணி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இதை எழுதும்போதும் விக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தச் சர்க்கரைப் பொட்டலம் மேஜையிலேயே இருக்கிறது. பிரிக்கவில்லை.